விண்டோஸ் ஹோமா, ப்ரோவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் கணினிகளைப் பராமரித்துத் தருவது என் தொழில். புதுக் கணினி வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்புவதற்கு முன்பு என்னை அழைத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஹோம் போதுமா, ப்ரோ வேண்டுமா? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்து, பழைய கணினிகளை மாற்றுகிறவர்கள் பெருகிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி வருகிறது. தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை நிதானமாக எழுதிவைத்தால் பலருக்கும் பயன்படும் என்று இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. பதில்கள் விண்டோஸ் 11-ஐ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

1. ஹோம், ப்ரோ என்பவை இரண்டு தனித்தனி விண்டோஸா?

இல்லை. இரண்டும் ஒரே இயங்குதளம். அடிப்படைக் கட்டமைப்பும் டிரைவர்களும் ஓடக்கூடிய மென்பொருள்களும் ஒன்றே. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் நிறுவல் கோப்புக்குள்ளேயே இரண்டு பதிப்புகளும் இருக்கின்றன. எந்தப் பதிப்பாக அது கணினியில் அமர வேண்டும் என்பதை உங்களிடம் உள்ள உரிமமும் அதற்குரிய 25 எழுத்துக் கீயும் முடிவு செய்கின்றன. ப்ரோவில் திறந்திருக்கும் சில கதவுகள் ஹோமில் பூட்டியிருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினை 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்தே இருக்கிறது. அன்றும் ஹோம் பதிப்பால் அலுவலக டொமைனில், அதாவது ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கப்படும் கணினிகளின் குழுவில், சேர முடியாது. வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழையவும் முடியாது. விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் பேசிக், பிரீமியம், அல்டிமேட் என்று பதிப்புகள் பெருகி, பிறகு மீண்டும் சுருங்கின. ஆனால் கோடு கிழித்த இடம் மாறவே இல்லை. ஒரு கணினியை அதன் உரிமையாளர் தானே பயன்படுத்தினால் ஹோம். வேறொருவர் அதை நிர்வகிக்கவோ தொலைவிலிருந்து இயக்கவோ வேண்டியிருந்தால் ப்ரோ. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவைதான்.

2. என் லேப்டாப்பில் இருப்பது எது என்று எங்கே பார்ப்பது?

செட்டிங்ஸில் சிஸ்டம் என்பதைத் திறந்து, அடியில் உள்ள அபவுட் பக்கத்துக்குப் போனால் 'எடிஷன்' என்ற வரியில் பதிப்பின் பெயர் இருக்கும். 'விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்று இருந்தாலும் அது ஹோம்தான்; அதைப் பற்றி 7-ஆம் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

3. ப்ரோ போட்டால்தான் வேகமாக ஓடும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

உண்மையில்லை. ஒரே கணினியில் ஹோமையும் ப்ரோவையும் மாற்றி மாற்றி நிறுவிப் பார்த்தாலும் கணினி தொடங்கும் நேரத்திலோ, விளையாட்டுகளின் ஓட்டத்திலோ, படத்தொகுப்பு வேலையிலோ பதிப்பினால் வேறுபாடு வராது. வன்பொருள் வரம்பில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு: ஹோம் 128 ஜிபி ரேம் வரைக்கும் ஒரே ஒரு புராசஸர் சில்லையும் ஏற்கும், ப்ரோ 2 டிபி ரேம் வரைக்கும் இரண்டு சில்லுகளையும் ஏற்கும். கடையில் வாங்கும் லேப்டாப்பில் 8 அல்லது 16 ஜிபி ரேம்தான் இருக்கிறது என்பதால் இந்த வரம்பு நம்மில் யாரையும் தொடப்போவதில்லை.

ப்ரோவுக்காகக் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் பணத்தை, 8 ஜிபி ரேமை 16 ஆக்குவதற்கோ, 256 ஜிபி எஸ்எஸ்டியை 512 ஆக்குவதற்கோ கொடுங்கள் என்றுதான் வேகம் வேண்டுபவர்களுக்கு நான் சொல்வது. அந்த வேறுபாட்டை நீங்கள் ஒவ்வொரு நாளும் உணர்வீர்கள்.

4. ஹோம் என்றால் பாதுகாப்பு குறைவு, வைரஸ் எளிதாக வந்துவிடும் என்கிறார்களே?

வைரஸைத் தடுக்கும் டிஃபெண்டர், ஃபயர்வால், கணினி தொடங்கும்போதே போலி நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட், முகத்தாலும் கைரேகையாலும் திறக்கும் விண்டோஸ் ஹலோ ஆகிய எல்லாமே இரண்டு பதிப்புகளிலும் உள்ளன. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்களும் இரண்டுக்கும் ஒரே நாளில்தான் வருகின்றன.

வீட்டுக் கணினிகளைக் கெடுப்பது பெரும்பாலும் பதிப்பு அல்ல, பழக்கம். வீட்டில் எல்லோரும் நிர்வாகி அதிகாரமுள்ள ஒரே கணக்கில் நுழைந்து, கண்ணில் பட்டதையெல்லாம் நிறுவிக்கொண்டிருந்தால் ப்ரோவும் காப்பாற்றாது. பிள்ளைகளுக்குச் சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்கிக் கொடுங்கள். ஹோமிலேயே அதைச் செய்யலாம், செலவும் கிடையாது.

5. அப்படியானால் ப்ரோவில் கூடுதலாக என்னதான் இருக்கிறது?

கீ இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டை மறைகுறியாக்கிப் பூட்டும் முழுமையான பிட்லாக்கர், உங்கள் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ரிமோட் டெஸ்க்டாப், நிறுவனத்தின் டொமைனில் அல்லது மைக்ரோசாஃப்டின் இணையவழிக் கணக்கு நிர்வாகச் சேவையான என்ட்ராவில் கணினியைச் சேர்க்கும் வசதி, நூற்றுக்கணக்கான விதிகளை ஒரே இடத்தில் அமைக்க உதவும் குரூப் பாலிசி எடிட்டர், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி, சந்தேகத்துக்குரிய கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடியதும் தடயமின்றி அழிந்துபோகும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், ஒரே ஒரு செயலி மட்டும் ஓடும்படி கணினியைப் பூட்டிவைக்கும் கியோஸ்க் வசதி, அப்டேட்டுகளைத் தள்ளிப்போடும் கூடுதல் உரிமை ஆகியவை முக்கியமானவை.

இவற்றைப் படிக்கும்போது 'இது எனக்கு வேண்டும்' என்று எதுவும் தோன்றவில்லையென்றால் உங்களுக்கு ஹோம் போதும். பெயர் கேள்விப்பட்டதில்லை என்பதற்காக ஒரு வசதி எப்போதாவது தேவைப்படுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பிறகு ப்ரோவுக்கு மாறும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. அதை 16-ஆம் கேள்வியில் காணலாம்.

6. மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போகிறாள். அவளுக்காவது ப்ரோ வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். சி, பைத்தான், ஜாவா கற்கவும், வலைத்தளம் உருவாக்கவும், ஆண்ட்ராய்டு செயலி எழுதவும் ஹோம் எந்தத் தடையும் செய்வதில்லை. முன்பு லினக்ஸும், செயலிகளைத் தனித்தனிப் பொதிகளாக இயக்கும் டாக்கரும் ஓட்டுவதற்கு ஹைப்பர்-வி தேவைப்பட்டது என்பதால் ப்ரோவைப் பரிந்துரைத்தார்கள். இப்போது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 ஹோமிலும் இருக்கிறது. டாக்கர் டெஸ்க்டாப் அதன்மேல் ஓடும். முழு மெய்நிகர் கணினியே வேண்டுமென்றால் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

விண்டோஸ் சர்வர் நிர்வாகத்தையே தொழிலாகக் கற்க நினைக்கும் மாணவருக்கு ப்ரோ பயன்படும். அப்போதும் முதலில் கல்லூரியில் விசாரியுங்கள். கல்வி நிறுவனங்களுக்கென்று 'எஜுகேஷன்' என்ற பதிப்பு இருக்கிறது; கல்லூரி அந்த உரிமத்தை வாங்கி வைத்திருந்தால் மாணவருக்கு ப்ரோவை விடக் கூடுதல் வசதிகள் கிடைக்கக்கூடும்.

7. என்னுடையதில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்று இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்ய முடியாதா?

தாராளமாகச் செய்யலாம். 'ஒரே மொழி' என்ற கட்டுப்பாடு மெனுக்களும் அறிவிப்புகளும் தோன்றும் காட்சி மொழிக்கு மட்டுமே உரியது. கணினி ஆங்கிலத்தில் வந்திருந்தால் அதன் மெனுக்களை வேறு மொழிக்கு மாற்ற இந்த உரிமம் இடம் தராது. தட்டச்சுக்கும் எழுத்துருக்களுக்கும் இதனோடு தொடர்பில்லை.

செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையும், ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்யும் விசைப்பலகையும் கிடைக்கும். ஒலிப்பு முறை விசைப்பலகை 2019 மே மாதத்துப் புதுப்பிப்பில் பத்து இந்திய மொழிகளுக்கு ஒன்றாக வந்தது. மெனுக்களும் தமிழிலேயே தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் மட்டும் வாங்கும்போதே சிங்கிள் லாங்குவேஜ் அல்லாத பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் லேப்டாப்புகளில் சிங்கிள் லாங்குவேஜ் பரவலாக இருப்பதால், பெட்டியின் மேல் உள்ள குறிப்பைப் படிக்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

8. பிட்லாக்கர் ப்ரோவில் மட்டும்தான் என்றீர்கள். என் லேப்டாப் ஹோம்தான். ஆனால் திடீரென்று பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கிறது. எப்படி?

இந்தத் தொகுப்பில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பதில் இதுதான். ஹோமிலும் வட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் வசதி இருக்கிறது. அதன் பெயர் 'டிவைஸ் என்கிரிப்ஷன்'. உள்ளே இருக்கும் நுட்பம் பிட்லாக்கருடையதே. ஹோமில் அதை இயக்கவோ அணைக்கவோ முடியுமே தவிர, விதிகளை மாற்ற முடியாது. வன்பொருள் ஏற்றதாக இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நீங்கள் கணினியைத் தொடங்கினால், உங்களிடம் தனியாகக் கேட்காமலே இது செயல்படத் தொடங்கிவிடும். 2024-இல் வந்த 24எச்2 என்ற ஆண்டுப் புதுப்பிப்பில் வன்பொருள் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டதால், புதிதாக நிறுவப்படும் கணினிகளில் இன்னும் பலவற்றில் இது இயங்குகிறது. மதர்போர்டு மாறினாலோ, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரல் புதுப்பிக்கப்பட்டாலோ, செக்யூர் பூட் அமைப்பு மாற்றப்பட்டாலோ கணினி தன்னை யாரோ திறக்க முயல்வதாகக் கருதி 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும்.

அந்தக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியில் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்தால் கீயைப் பார்க்கலாம். பல கீகள் இருந்தால், கணினித் திரையில் தெரியும் கீ அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியானதைக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கும் கீயும் இரண்டுமே இல்லையென்றால் வட்டில் உள்ளவற்றை மீட்க வழியில்லை. மைக்ரோசாஃப்டாலும் அந்தக் கீயை உருவாக்கித் தர இயலாது.

ஒரு வீட்டில் லேப்டாப்பை வாங்கிய நாளில் கடைப் பையன் தன் கையாலேயே ஒரு புதிய மின்னஞ்சலை உருவாக்கி, கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து மதர்போர்டு மாற்றிய அன்று அது கீ கேட்டது. அந்த மின்னஞ்சல் முகவரி வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தந்தையின் அறுபதாம் கல்யாணப் படங்கள் உட்பட எல்லாம் அந்த வட்டுக்குள்தான் இருந்தன. வேறு நகல் இல்லை. என்னால் செய்ய முடிந்ததெல்லாம் வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவித் தந்தது மட்டுமே. இதைப் படிப்பவர்கள் இன்றே செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, கீயைத் தாளில் எழுதி, குடும்ப அட்டை வைக்கும் இடத்தில் அதையும் வைத்துவிடுங்கள்.

9. அந்தத் தொல்லையே வேண்டாம் என்று அதை அணைத்துவிடலாமா? அல்லது ப்ரோ வாங்கி முழு பிட்லாக்கர் வைத்துக்கொள்வது நல்லதா?

வீட்டு மேசையை விட்டு நகராத கணினி என்றால், படங்களுக்கு வேறு நகல் இருக்கும் நிலையில், அணைப்பதா வைத்திருப்பதா என்பது உங்கள் விருப்பம். பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்யும் லேப்டாப்பில் அதை அணைக்காதீர்கள். மறைகுறியாக்கம் இல்லாத வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால், உங்கள் கடவுச்சொல் எதையும் கேட்காமலே எல்லாக் கோப்புகளும் திறந்துகொள்ளும்.

வாடிக்கையாளர்களின் வருமான வரி விவரங்களை வைத்திருக்கும் தணிக்கையாளர், நோயாளிகளின் பதிவேட்டை வைத்திருக்கும் மருத்துவர், வழக்குக் கட்டுகளை வைத்திருக்கும் வழக்கறிஞர் ஆகியோருக்கு ப்ரோவின் பிட்லாக்கர் தகுந்த செலவு. கணினி தொடங்கும்போதே தனி பின் எண் கேட்கும்படி அமைக்கலாம். பென்டிரைவையும் வெளி வட்டையும் கடவுச்சொல்லிட்டுப் பூட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே கீயைக் கோப்பாகவோ தாளிலோ எடுத்துவைக்கலாம். அப்படிப் பூட்டிய பென்டிரைவை ஹோம் கணினியிலும் கடவுச்சொல் கொடுத்துத் திறக்க முடியும். புதிதாகப் பூட்ட மட்டும்தான் முடியாது.

10. வீட்டிலிருந்து அலுவலகக் கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் திறக்க வேண்டும். இரண்டிலும் ப்ரோ வேண்டுமா?

வேண்டாம். திறக்கப்படும் கணினியில், அதாவது அலுவலகத்தில் உள்ளதில், ப்ரோ இருந்தால் போதும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டுக் கணினியில் ஹோம் இருக்கலாம். மேக்கோ கைபேசியோ கூட இருக்கலாம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, வீட்டுக் கணினியை ப்ரோவாக மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்போதாவது ஒருமுறை ஊரிலுள்ள அப்பாவின் கணினியைச் சரிசெய்து கொடுப்பதற்காக என்றால் ப்ரோவே வேண்டாம். இரண்டு பதிப்புகளிலும் இருக்கும் குவிக் அசிஸ்ட் அதற்குப் போதும். குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஹோமிலும் நன்றாக இயங்கும்.

ப்ரோவில் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்குகிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான நுழைவாயிலாகிய 3389 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்து கிடக்கும் அந்தப் போர்ட்டைத் தேடிக் கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இரவுபகலாக இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் நுழையும் முக்கிய வழிகளில் இது ஒன்று. விபிஎன் எனப்படும் பாதுகாப்பான தனி இணைப்பு ஒன்றை அமைத்து, அதன் வழியாக மட்டும் நுழையுங்கள்.

11. கடையில் ஒரு நல்ல கம்ப்யூட்டரில் ப்ரோ போட்டு, அதில் டேலியை வைத்து, நாலு பேரும் ரிமோட்டில் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம் என்று ஒருவர் அமைத்துத் தருகிறேன் என்கிறார். சரிதானா?

சரியல்ல. ப்ரோவில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். நீங்கள் வெளியிலிருந்து நுழைந்தால் கணினியின் முன்னால் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். அவர் மீண்டும் நுழைந்தால் நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள். பல பேர் ஒரே நேரத்தில் நுழையும்படி செய்து தருகிறேன் என்பவர்கள், விண்டோஸின் ஒரு பகுதியை ஏமாற்றும் நிரல் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது உரிம விதிகளை மீறுவது என்பது ஒருபுறம். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது அந்த நிரல் செயலிழந்துபோவதும், ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் மறுபுறம். அது நின்றுவிடக் கூடாதே என்று அப்டேட்டுகளையே நிறுத்தி, 10-ஆம் கேள்வியில் சொன்ன போர்ட்டையும் திறந்து வைத்துவிடுவார்கள். கடையின் பல ஆண்டுக் கணக்கு முழுவதும் அந்த ஒரு கணினியில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

முறையான வழிகள் இரண்டு இருக்கின்றன. எல்லோரும் ஒரே கடைக்குள் இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப்பே தேவையில்லை. டேலி பிரைமில் சில்வர் உரிமம் ஒருவருக்கானது, கோல்டு உரிமம் ஒரே உள்வலையில் உள்ள பலருக்கானது. கோல்டு வாங்கி, ஒவ்வொரு கணினியிலும் டேலியை நிறுவி, தரவு மட்டும் ஒரு கணினியின் பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். எல்லாக் கணினிகளிலும் ஹோம் இருந்தாலும் இது நடக்கும். வெவ்வேறு ஊர்களிலிருந்து பலர் ஒரே நேரத்தில் நுழைந்தாக வேண்டும் என்றால் விண்டோஸ் சர்வரும், ஒவ்வொருவருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் சேவைக்கான தனி உரிமமும் வாங்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய ப்ரோ படைக்கப்படவில்லை.

12. ஐந்து பேர் வேலை செய்யும் அலுவலகம். எல்லாவற்றுக்கும் ப்ரோதான் வாங்க வேண்டும் என்கிறார்கள்.

யார் இந்தக் கணினிகளை நிர்வகிக்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டொமைனை நடத்தும் ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வரோ, என்ட்ரா கணக்குகளோ வைத்து, ஐந்து கணினிகளின் பயனர்களையும் கடவுச்சொற்களையும் விதிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப் போகிறீர்கள் என்றால் ஐந்திலும் ப்ரோ வேண்டும். ஹோமால் அதில் சேரவே முடியாது. ஆள் வேலையை விட்டுப் போன அன்றே அவருடைய நுழைவை ஒரே இடத்தில் நிறுத்த முடிவது சிறிய நன்மை அல்ல.

அப்படி எதுவும் இல்லாமல், பிரிண்டரையும் ஒரு ஃபோல்டரையும் பகிர்ந்துகொள்வது மட்டும்தான் தேவை என்றால் ஹோம் அதைச் செய்யும். இரண்டு பதிப்புகளின் உரிமமும் ஒரு கணினியின் பகிர்வை 20 சாதனங்கள் வரை பயன்படுத்த இடம் தருகிறது. சர்வரும் வாங்காமல், நிர்வகிக்க ஆளும் வைக்காமல், ப்ரோ மட்டும் வாங்கினால் பூட்டு வாங்கிக் கதவில் மாட்டாமல் அலமாரியில் வைத்ததைப் போன்றதாகும்.

13. ஹோம் இருந்த இடத்தில் ப்ரோ போட்டேன். அதுவரை திறந்த பழைய நாஸ் பெட்டி இப்போது திறக்க மறுக்கிறது. ப்ரோவில் கோளாறா?

கோளாறு அல்ல, கண்டிப்பு. நாஸ் என்பது உள்வலையில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி. 24எச்2 முதல் ப்ரோவில், பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் 'கெஸ்ட்' ஆக நுழைவது இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. பகிர்வில் போய்வரும் ஒவ்வொரு செய்தியும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஹோமில் இந்தக் கட்டாயம் இல்லாததால்தான் முன்பு திறந்தது. விலை கூடிய பதிப்பில்தான் எல்லாம் எளிதாக ஓடும் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

தடையை நீக்கும் வழிகளைச் சொல்லும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றுவதற்கு முன்பு நாஸ் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, அதில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி நுழைந்து பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு அதுவே போதும்.

14. வேலை நடுவில் அப்டேட் வந்து கணினி மறுதொடக்கம் ஆகிவிடுகிறது. ப்ரோவில் இதை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், தள்ளிப்போடலாம். ஹோமில் ஐந்து வாரம் வரை இடைநிறுத்தலாம். ப்ரோவில் குரூப் பாலிசி வழியாக, மாதாந்தரத் திருத்தங்களை 30 நாள் வரையிலும், ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பை 365 நாள் வரையிலும் ஒத்திவைக்கலாம். விலை உயர்ந்த இயந்திரத்தோடு இணைந்த கணினி, பெரிய பதிப்பு மாறினால் டிரைவர் வேலை செய்யுமோ என்ற ஐயம் உள்ள இடம், இவற்றுக்கு ப்ரோவின் இந்த உரிமை மிகவும் பயனுள்ளது. உங்கள் தொல்லை மறுதொடக்கம் மட்டும்தான் என்றால் 'ஆக்டிவ் அவர்ஸ்' என்ற அமைப்பில் வேலை நேரத்தைக் குறித்துவையுங்கள். அது ஹோமிலும் உண்டு.

ஆதரவுக் காலத்திலும் ப்ரோவுக்குச் சலுகை இல்லை. விண்டோஸ் 11-இன் ஒவ்வொரு ஆண்டுப் பதிப்புக்கும் ஹோம், ப்ரோ இரண்டுக்குமே 24 மாதங்கள்தான்.

15. மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயன்படுத்த விரும்புகிறேன். அதற்கு ப்ரோதான் வழியா?

முதன்முறை அமைக்கும்போது ஹோம் இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். 2022-இல் வந்த 22எச்2 முதல், சொந்தப் பயன்பாடு என்று சொன்னால் ப்ரோவும் அப்படியே கேட்கிறது. ப்ரோவில் அலுவலகப் பயன்பாட்டைத் தேர்ந்தெடுத்து, டொமைனில் சேர்ப்பதாகக் குறிப்பிட்டால் உள்ளூர்க் கணக்கு உருவாக்கும் வழி கிடைக்கும். ஹோமிலும் அமைத்து முடித்த பிறகு செட்டிங்ஸில் உள்ளூர்க் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். இதற்காக மட்டும் ப்ரோ வாங்க வேண்டாம். மாற்றுவதற்கு முன்பு 8-ஆம் கேள்வியில் சொன்ன ரெக்கவரி கீயை எடுத்துவைத்துவிடுங்கள். கணக்கை மறந்துவிட்டால் கீயும் அதோடு போய்விடும்.

16. இப்போது ஹோம் வாங்கிவிட்டுப் பிறகு ப்ரோவுக்கு மாறினால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டுமா?

வேண்டாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக ப்ரோவை வாங்கலாம். ப்ரோ கீ வைத்திருந்தால் அதை அங்கேயே இடலாம். கணினி ஓரிரு முறை மறுதொடக்கம் ஆகும். மென்பொருள்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். அமெரிக்காவில் இந்த மாற்றத்தின் விலை 99 டாலர். உங்கள் நாட்டு விலையை ஸ்டோரே காட்டும். ஆரம்பத்திலேயே ப்ரோவோடு வரும் மாதிரிக்குக் கடை கேட்கும் வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருந்து, ப்ரோ உறுதியாகத் தேவை என்றும் தெரிந்தால் மட்டும் முதலிலேயே வாங்குங்கள்.

எதிர்த்திசையில் இந்த வசதி கிடையாது. ப்ரோவிலிருந்து ஹோமுக்கு வர வேண்டுமென்றால் வட்டை அழித்துப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். எதிர்காலத்தில் தேவைப்படலாம் என்ற ஐயத்தில் இருப்பவர்களை ஹோமோடு தொடங்கச் சொல்வது இதனால்தான்.

17. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ப்ரோ கீ கிடைக்கிறது. ஆக்டிவேட்டும் ஆகிறது. பிறகென்ன?

ஆக்டிவேட் ஆவது வேறு, உரிமம் உங்களுடையதாக இருப்பது வேறு. அந்த விலைக்கு விற்கப்படும் கீகள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை, அல்லது வேறு கணினிகளோடு வந்தவை. பல இடங்களில் பயன்படுவது தெரியவந்ததும் மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கிவிடும். சில வகைகள் நிறுவனத்தின் சர்வரோடு 180 நாளுக்குள் தொடர்பு கொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டியவை. உங்கள் வீட்டில் அந்தச் சர்வர் இல்லை.

கீயே இல்லாமல் ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லும் நிரல்கள் இதைவிட மோசமானவை. டிஃபெண்டரை அணைத்துவிட்டு, நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்கின்றன. அதாவது வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்கச் சொல்கின்றன. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள். முறையான ஹோம், திருட்டு ப்ரோவை விட எல்லா வகையிலும் மேலானது.

18. ப்ரோ உரிமம் வாங்கி, பென்டிரைவ் போட்டு நிறுவினேன். எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்காமலே ஹோம் வந்துவிட்டது. ஏன்?

விண்டோஸ் 8 காலம் முதல், லேப்டாப் தயாரிப்பவர்கள் கீயை ஒட்டும் காகிதத்தில் அச்சிடாமல் மதர்போர்டில் நிலையாக இருக்கும் நிரலான ஃபர்ம்வேருக்குள்ளேயே பதித்துவிடுகிறார்கள். நிறுவல் நிரல் அதைப் படித்து, 'இது ஹோம் கணினி' என்று தானே முடிவு செய்துவிடுகிறது. பதற வேண்டாம். ஹோம் நிறுவி முடியட்டும். பிறகு 16-ஆம் கேள்வியில் சொன்ன ஆக்டிவேஷன் பக்கத்தில் உங்கள் ப்ரோ கீயை இடுங்கள். பென்டிரைவில் ஒரு சிறு கோப்பைச் சேர்த்து, பதிப்பைக் கேட்கும்படி செய்யும் வழியும் உண்டு. பல கணினிகளை நிறுவுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது தேவைப்படாது.

19. பழைய கணினியில் உள்ள ப்ரோவைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாமா?

அந்த ப்ரோ எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. கணினியோடு சேர்ந்து வந்திருந்தால் அது அந்த மதர்போர்டோடு பிறந்து அதோடு முடிவது, மாற்ற முடியாது. தனியாகப் பணம் கொடுத்து வாங்கிய சில்லறை உரிமம் என்றால் பழையதிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் இடலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டுமே.

20. கம்பெனிகளில் பயன்படுத்திய பழைய லேப்டாப் மலிவாகக் கிடைக்கிறது. அதில் ப்ரோவே இருக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், நல்ல உடலமைப்பும் நல்ல விசைப்பலகையும் கொண்ட கணினிகள் இந்த வழியில் கிடைக்கின்றன. ஆனால் 1-ஆம் கேள்வியில் சொன்னதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ப்ரோ என்பது இன்னொருவர் நிர்வகிப்பதற்காக உருவானது. பழைய நிறுவனம் அந்தக் கணினியை ஆட்டோபைலட் என்ற சேவையில் பதிந்து வைத்திருந்து, விற்கும்போது நீக்க மறந்திருந்தால், நீங்கள் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினாலும் முதல் திரையிலேயே அந்த நிறுவனத்தின் பெயரோடு நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். அந்தப் பதிவை நிறுவனத்தால் அல்லது அதன் சார்பில் மைக்ரோசாஃப்டால் மட்டுமே நீக்க முடியும்.

ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன்பு கடையிலேயே கணினியை ரீசெட் செய்யச் சொல்லி, இணையத்தோடு இணைத்து, முதல் அமைப்பு முழுவதையும் உங்கள் கண்ணெதிரே முடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே அமைத்து வைத்திருப்பதைக் காட்டினால் ஏற்காதீர்கள். இணையம் இல்லாமல் அமைத்திருந்தால் அந்தப் பக்கம் வந்திருக்காது. பிறகு அபவுட் பக்கத்தில் ப்ரோ என்றும், ஆக்டிவேஷன் பக்கத்தில் உரிமம் செல்லுபடியாகிறது என்றும் பாருங்கள். ஆக்டிவேட் ஆகாமல் இருந்தால் அதில் போட்டிருக்கும் ப்ரோ 17-ஆம் கேள்வியில் சொன்ன வகையாக இருக்கலாம். அப்போது புதிய உரிமத்தின் விலையைக் கணினியின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.